மாநிலப் பல்கலைக்கழகத்தில் முழுநேர பி.எச்.டி.: எந்த மேசையில் எத்தனை நாள்?

#1 கொன்றைப்பூ

வணக்கம். எம்.ஏ. தமிழ் முடித்தாயிற்று. நெட் தேர்வில் (யுஜிசியின் தேசியத் தகுதித் தேர்வு) ‘பி.எச்.டி. மட்டும்’ பிரிவில் தேர்ச்சி, முடிவு வந்து 7 மாதம் ஆகிறது. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் தமிழ்த் துறையில் முழுநேர ஆய்வாளராகச் சேர எண்ணம். நெறியாளராக இருக்கச் சம்மதித்தவர் இணைப் பேராசிரியர். அவருக்கு ஓய்வுபெற 3 ஆண்டு 4 மாதம் இருக்கிறது.

கேட்க விரும்புவது: சேருமுன் என்னென்ன சரிபார்க்க வேண்டும்? உதவித்தொகைப் பணம் எங்கே தடைபடும்? தமிழில் எழுதும் ஆய்வேட்டுக்கு ஒப்புமைச் சோதனை (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற சோதனை) எப்படி நடக்கிறது? ஆய்வேட்டைக் கொடுத்தபின் வைவா (வாய்மொழித் தேர்வு) வரை ஏன் இவ்வளவு நாள் இழுக்கிறது?

அனுபவக் கதைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. விதி, தேதி, படிவம் பற்றிச் சொன்னால் நல்லது.

#2 கோப்புஎண்

முதலில் நெறியாளரைப் பற்றிப் பார்ப்போம். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பி.எச்.டி. விதிமுறை (7 நவம்பர் 2022 அன்று அறிவிக்கையானது) படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். “இடம் இருக்கு, வாங்க” என்று துறையில் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்ப வேண்டாம். கணக்கு ஆராய்ச்சிப் பிரிவின் பதிவேட்டில் இருக்கிறது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வைவாவுக்குக் காத்திருப்பவரை எண்ணிக்கையில் சேர்க்கிறார்களா, கழிக்கிறார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் குழப்பம் இந்த ஒரு ஆளால்தான் வரும். நெறியாளர் 5 என்பார், பதிவேடு 6 என்று காட்டும், விண்ணப்பம் திரும்பி வரும்.

இரண்டாவது ஓய்வுத் தேதி. ஓய்வுக்கு 3 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் புதிதாக ஆய்வாளரை எடுக்க முடியாது. ஏற்கெனவே பதிவானவர்களை ஓய்வு நாள் வரை நெறிப்படுத்தலாம். அதற்குப் பிறகு இணை நெறியாளராகத் தொடரலாம், அதுவும் 70 வயது வரைதான். உங்களுக்கு இது முக்கியம், கடைசியில் திரும்பி வருகிறேன்.

மூன்றாவது, அவரது நெறியாளர் அங்கீகார ஆணை. எண்ணும் தேதியும் இல்லாத நகலை வைத்து விண்ணப்பிக்காதீர்கள். இணைப் பேராசிரியர் என்றால் குறைந்தது 5 ஆய்வுக் கட்டுரைகள், முனைவர் பட்டம் பெற்ற உதவிப் பேராசிரியர் என்றால் 3, எல்லாம் மதிப்பாய்வு இதழ்களில் வந்திருக்க வேண்டும்.

#3 மெரினாவெயில்

நெட் பற்றி ஒரு வரி. 2024 ஜூன் தேர்விலிருந்து மூன்று பிரிவு: ஜேஆர்எஃப் (மாத உதவித்தொகையோடு வரும் இளநிலை ஆய்வாளர் தகுதி), உதவிப் பேராசிரியர் தகுதியும் பி.எச்.டி. சேர்க்கையும், பி.எச்.டி. சேர்க்கை மட்டும். பின்னிரண்டு பிரிவுக்கும் சேர்க்கைப் பட்டியல் நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற விகிதத்தில் தயாராகும். அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். 7 மாதம் போய்விட்டது என்றால் மீதி 5.

நேர்காணலுக்கு 30 என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நெட்டில் மதிப்பெண்கள் நெருக்கமாக நிற்கும், பட்டியலைப் புரட்டிப்போடுவது நேர்காணல்தான். 2 பக்க ஆய்வு முன்மொழிவை அச்செடுத்துக் கொண்டு போங்கள். தலைப்பு, எந்த நூல்கள் அல்லது எந்தத் தரவு, எந்தக் கால எல்லை, இதே பொருளில் முன்பு யார் செய்திருக்கிறார்கள். கடைசிக் கேள்வியில்தான் பலர் மாட்டுவது. சோத்கங்காவில் (இந்திய ஆய்வேடுகளின் இணையச் சேமிப்பகம்) உங்கள் தலைப்பின் சொற்களைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேடிவிட்டுப் போங்கள். பழைய தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் ஏற்றியிருப்பார்கள், அதுவும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில்.

#4 கோப்புஎண்

கோர்ஸ் வொர்க், அதாவது ஆய்வின் தொடக்கத்தில் படித்துத் தேர்வெழுத வேண்டிய தாள்கள். குறைந்தது 12 கிரெடிட். அதில் ஆராய்ச்சி மற்றும் பதிப்பு நெறி என்ற 2 கிரெடிட் தாள், 30 மணி நேரம், எல்லாத் துறைக்கும் கட்டாயம். 55 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆய்வைத் தொடர முடியாது.

சிக்கல் வழக்கமாக ஆய்வுமுறையியல் தாளில் வராது. உங்கள் தலைப்பை ஒட்டி நெறியாளர் தயாரிக்கும் சிறப்புத் தாளில்தான் வரும். அதற்கான பாடத்திட்டத்தை ஆய்வு ஆலோசனைக் குழு பார்த்து ஒப்ப வேண்டும். முதல் கூட்டத்திலேயே பாடத்திட்டத்தை வைக்காவிட்டால் தேர்வுப் பிரிவுக்கு வினாத்தாள் போகாது, தேர்வு அடுத்த சுற்றுக்குத் தள்ளும், ஒரு பருவம் வீண். பாடத்திட்டத்தை அலகு பிரித்து, பார்வை நூல்களோடு, நீங்களே தட்டச்சு செய்து நெறியாளர் கையில் கொடுத்துவிடுங்கள். மரியாதைக் குறைவு இல்லை, எல்லாரும் செய்வதுதான்.

ஆலோசனைக் குழு முன் பருவத்துக்கு ஒரு முறை முன்னேற்றம் சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்த அன்றே நடவடிக்கைக் குறிப்பில் எல்லா உறுப்பினர் கையெழுத்தும் வாங்கி, ஒரு நகலை உங்கள் கோப்பில் வையுங்கள். நாலாம் ஆண்டில் “மூன்றாம் கூட்டத்துக் குறிப்பு எங்கே” என்று கேட்பார்கள். அப்போது ஒரு உறுப்பினர் ஊர் மாறியிருப்பார்.

#5 வெட்டிஆபீசர்

பகுதிநேரமாக யோசிப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும் இடத்துத் தடையின்மைச் சான்றில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, ஆய்வுக்குப் போதிய நேரம் வேலையில் கிடைக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்காக விடுவிப்போம். முதலாவதை மட்டும் எழுதிக் கொடுக்கும் பள்ளி, கல்லூரி அதிகம். அந்தச் சான்று திரும்பி வந்துவிடும்.

#6 பணம்பேசும்

ஜேஆர்எஃப் உள்ளவர்களுக்கு: 2023 ஜனவரி 1இலிருந்து உள்ள விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, அதற்குப் பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆக 42,000. மொத்தம் 5 ஆண்டு. எதிர்பாராச் செலவுத் தொகை (கன்டிஞ்சென்சி) மனிதவியல், சமூக அறிவியலுக்கு முதல் இரண்டு ஆண்டு 10,000 வீதம், பிறகு 20,500 வீதம். அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000. தமிழ் ஆய்வாளருக்கு ஐந்தாண்டில் மொத்தம் 81,500. புத்தகம், தட்டச்சு, களப்பயணம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

பணம் நடக்கும் வழி இது. சேர்ந்த அறிக்கையைப் பல்கலைக்கழகம் கனரா வங்கித் தளத்தில் ஏற்றும். பதிவிடுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், இரண்டு பேரும் பல்கலைக்கழக ஊழியர்கள். அதற்குப் பிறகு மாதாமாதம் “இவர் ஆய்வில் இருக்கிறார்” என்று இருவரும் உறுதி செய்தால்தான் தொகை கணக்குக்கு வரும். சரிபார்ப்பவர் விடுப்பில் போனால், மாற்றலானால், புதியவர் பெயருக்குக் கடவுச்சொல் வாங்கும் வரை துறை முழுக்க எல்லாருக்கும் நிற்கும். “யுஜிசி பணம் போடல” என்று டில்லிக்கு மெயில் எழுதுமுன், அந்த மாத உறுதிப்படுத்தல் போயிற்றா என்று நிர்வாகக் கட்டடத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது நம் ஊர்ச் சிக்கல், இன்ஷியல். மதிப்பெண் பட்டியலில் ‘கவிதா எஸ்’, ஆதாரில் ‘கவிதா சுந்தரம்’, வங்கியில் ‘எஸ் கவிதா’. மனிதர்களுக்கு மூன்றும் ஒருவர், கணினிக்கு மூன்று பேர். நெட் விண்ணப்பம் போடும்போதே ஆதாரில் உள்ளபடி போடுவது நல்லது. தவறவிட்டவர்கள் வங்கிப் பெயரை ஆதாருக்கு ஏற்ப மாற்றிவிட்டு, கணக்கோடு ஆதார் இணைப்பும் நடந்திருக்கிறதா என்று கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, நேரடிப் பணப்பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கைத் தேர்வு செய்வது வேறு. இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் பணம் நீங்கள் நினைக்காத கணக்குக்குப் போய் உட்காரும்.

எஸ்ஆர்எஃப் உயர்வு தானாக நடக்காது. இரண்டு ஆண்டு முடிவில் மூவர் குழு கூடி மதிப்பிட வேண்டும். குழு 4 மாதம் தாமதமானால் 5,000 வீதம் 20,000 நிலுவை. கிடைக்கும், ஆனால் அதற்குத் தனிக் கடிதம், தனி அலைச்சல். 22ஆம் மாதமே குழு அமைக்கச் சொல்லி மனு கொடுத்துவிடுங்கள்.

#7 செம்பருத்தி

மேலே உள்ளதோடு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். விடுதியில் இடம் கொடுத்து நீங்கள் வேண்டாம் என்றால் வாடகைப்படி கிடையாது. விடுதியில் இடமே இல்லை என்றால் அதை விடுதிக் காப்பாளர் எழுதித் தர வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் வாடகைப்படி கேட்டால் கோப்பு நகராது. அடுத்தது விடுப்பு: ஆண்டுக்கு 30 நாள், பொது விடுமுறை தனி. கோடை விடுமுறை மாணவர்களுக்குத்தான், ஜேஆர்எஃப் வாங்குபவருக்கு இல்லை. மே மாதம் முழுக்க ஊரில் இருந்துவிட்டு வருகைப் பதிவேட்டை ஜூனில் நிரப்புவது தணிக்கையில் பிடிபடும்.

அறிவியல் பக்கத்திலிருந்தும் ஒன்று. மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெரிய கருவி துறையில் இல்லாவிட்டால் மாதிரியை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். சென்னையில் ஐஐடி வளாகத்துக் கருவி மையம்தான் பலருக்கு வழி. என்எம்ஆருக்கு (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) புரோட்டான் மட்டும் என்றால் 5 முதல் 10 மில்லிகிராம் போதும், கார்பன் வேண்டுமென்றால் 20 மில்லிகிராம் அளவு கொடுங்கள். குறைத்துக் கொடுத்தால் கோடு இரைச்சலில் மூழ்கும், கட்டணமும் போகும், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். எந்தக் கரைப்பானில் கரைகிறது என்பதை நீங்களே முன்கூட்டிச் சோதித்து எழுதி அனுப்புங்கள். ‘குளோரோஃபார்மில் கரையலாம்’ என்று எழுதிய சீட்டோடு போகும் குப்பி அப்படியே திரும்பி வரும். மாதிரியில் எத்தில் அசிடேட் மிச்சம் இருந்தால் 1.26, 2.05, 4.12 இடங்களில் கோடு நிற்கும். அதைப் புதுச் சேர்மம் என்று கொண்டாட வேண்டாம், இன்னொரு நாள் வெற்றிடத்தில் உலர்த்துங்கள்.

#8 கொன்றைப்பூ

நன்றி. எனக்கு ஜேஆர்எஃப் இல்லை. அப்படியானால் என்ன வழி?

#9 பணம்பேசும்

குறைவுதான், மறைக்க வேண்டாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் ஊக்கத்தொகை தருகிறது. முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனித் தேர்வு நடத்துகிறது. பல்கலைக்கழகத்தின் சொந்த உதவித்தொகை சில துறைகளில் ஓரிருவருக்கு உண்டு, தொகை சிறிது. மத்திய அரசின் பட்டியலினத்தவர், இதர பிற்படுத்தப்பட்டோர் ஃபெலோஷிப்புக்கு நெட் மதிப்பெண் வழியாகத்தான் தேர்வு. சேர்ந்தபின்னும் நெட் எழுதி ஜேஆர்எஃப் வாங்கலாம், வயது வரம்பு 30 என்பதை மட்டும் பாருங்கள் (பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு). எதிர்மறை மதிப்பெண் இல்லை, 150 கேள்வி, 300 மதிப்பெண். கோர்ஸ் வொர்க் படிக்கும் ஆண்டே இதற்கு நல்ல நேரம்.

ஒன்றுக்கு மேல் உதவித்தொகையை ஒரே காலத்தில் வாங்கக் கூடாது. வாங்கினால் வட்டியோடு திருப்பச் சொல்வார்கள்.

#10 ஏட்டுச்சுவடி

மூன்றாவது கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும். தமிழ் ஆய்வேடு ஒப்புமைச் சோதனையில் தவறுவது திருட்டினால் மட்டும் அல்ல. பல நேரம் எழுத்துருவினால்.

பல்கலைக்கழக வாசலில் உள்ள டிடிபி கடைகளில் இன்றும் பாமினி, வானவில், செந்தமிழ் வகை எழுத்துருக்களில் அடிக்கிறார்கள். திரையில் ‘அம்மா’ என்று தெரியும். பாமினியில் அடித்திருந்தால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றின்மேல் தமிழ்ப் படம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். ஒப்புமை மென்பொருள் படத்தைப் பார்க்காது, குறியைத்தான் படிக்கும். விளைவு ‘0 சதவீதம்’. சந்தோஷப்பட்டு நூலகத்துக்குக் கொண்டுபோனால் அங்கே எழுத்துருவைப் பார்த்ததும் திருப்புவார்கள். அதோடு 300 பக்கத்தையும் யூனிகோடுக்கு (எல்லாக் கணினியும் ஒரே மாதிரிப் படிக்கும் எழுத்துக் குறிமுறை) மாற்ற வேண்டும். எனவே முதல் வரியிலிருந்தே யூனிகோடில், தமிழ் 99 அல்லது உங்களுக்குப் பழகிய பலகையில், நீங்களே அடியுங்கள்.

ஏற்கெனவே பழைய எழுத்துருவில் இருந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி உண்டு. முழு ஆவணத்தையும் ஒரே போக்கில் போடக் கூடாது. துணைநூற்பட்டியலில் ஆங்கில எழுத்துருவில் உள்ள தலைப்புகளையும் மாற்றி தமிழ்க் குறி என்று எடுத்துக்கொண்டு பிதற்றலாக்கிவிடும். வேர்டில் ‘கண்டுபிடி’ பெட்டியில் எழுத்துருவைக் குறிப்பிட்டு, தமிழ் எழுத்துருப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். மாற்றிய பின் இவற்றைத் தேடுங்கள்:

ஔகாரம். ‘ஔவையார்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒளவையார்’ இருக்கும், அதாவது ஒ-வும் ள-வும் தனித்தனி எழுத்தாக. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், தேடலில் ஔவையார் கிடைக்கவே மாட்டார். ‘கௌ’, ‘பௌ’, ‘சௌ’ எல்லாவற்றிலும் இதே கதை. அகரவரிசைப்படுத்தும்போது பெயர் தப்பான இடத்தில் போய் நிற்கும். துணைக்காலும் (ா) ரகரமும் (ர) மாறியிருக்கும். ஸ்ரீயும் க்ஷவும் உடைந்திருக்கும். மெய்யெழுத்துப் புள்ளிக்குப் பின் தேவையில்லாத இடைவெளி விழுந்திருக்கும். தமிழ் எண்களும் எழுத்துகளும் கலந்திருக்கும்: ‘௭’ ஏழு, ‘எ’ எகரம், ‘௧’ ஒன்று, ‘க’ ககரம்.

சோதனைக்குக் கோப்பைக் கொடுக்கும்போது பிடிஎஃப் தராமல் வேர்டு கோப்பாகக் கொடுங்கள். தமிழ் பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை உருவும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம்மாறிச் சொல் சிதைகிற வாய்ப்பு உண்டு. சிதைந்த சொல்லுக்கு ஒப்புமை கிடைக்காது, அறிக்கை பொய் சொல்லும். நாளைக்கு யாரோ சரியான கோப்பை வைத்துப் பார்த்தால் எண்ணிக்கை வேறாக வரும். பட்டம் வாங்கியபின்னும் அந்தக் கேள்வி எழும்பலாம்.

#11 வெட்டிஆபீசர்

இவ்வளவும் எதற்கு? கடைக்காரரே ‘யூனிகோடுதான் சார்’ என்று சொல்கிறாரே.

#12 ஏட்டுச்சுவடி

சொல்லட்டும். ஒரு பத்தியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாக விழுந்தால் யூனிகோடு. அரைப்புள்ளியும் ஆங்கிலமுமாக விழுந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள்.

#13 நூலகத்துப்பூனை

ஒப்புமைச் சதவீதம் பற்றி. யுஜிசியின் 2018 விதியில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக்கூடக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் (உரிய சான்றோடு), துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்டப்பிரிவுகள், சமன்பாடுகள் கணக்கில் வராது. தற்செயலாக ஒத்துப்போகும் தொடரில் 14 சொல் வரை விலக்கு உண்டு.

தமிழ் ஆய்வேட்டில் இது எப்படி இடிக்கிறது என்றால், சங்கப் பாட்டை உள்தள்ளி, மேற்கோள்குறி இல்லாமல் எழுதுவது நம் வழக்கம். உள்தள்ளலை மென்பொருள் மேற்கோள் என்று அறியாது. பாட்டெல்லாம் ஒப்புமையாக எண்ணப்படும். தொடக்கத்திலும் முடிவிலும் இரட்டை மேற்கோள்குறி போட்டுவிட்டால் ‘மேற்கோளை விலக்கு’ என்ற வடிப்பான் பிடித்துக்கொள்ளும். குறிகள் ஒரே வகையாக இருக்கட்டும். ஒரு பக்கம் வளைந்தது, மறுபக்கம் நேர்க்குறி என்றிருந்தால் வடிப்பான் தடுமாறும்.

உண்மையில் 10ஐத் தாண்ட வைப்பது பாட்டு அல்ல, உரை. பழைய உரையின் பொழிப்பை இரண்டு சொல் மாற்றித் தன் வாக்கியமாக எழுதுவது. இதற்கு மென்பொருள் வழி கிடையாது. உரையை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள், எழுதியபின் திறந்து சரிபாருங்கள்.

உங்கள் சொந்தக் கட்டுரைகள் இயலில் சேர்ந்திருந்தால் அவையும் ஒப்புமையாகக் காட்டும். இன்ன இதழ், இன்ன பக்கம், என் கட்டுரைதான் என்று பட்டியல் போட்டு நெறியாளர் கையெழுத்தோடு தந்தால் அந்த மூலத்தை விலக்கி மறு அறிக்கை எடுக்கலாம். முதல் அறிக்கையையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஒப்புமை அறிக்கையை மொத்த ஆய்வேட்டுக்கும் கடைசி வாரம் எடுக்காதீர்கள். இயலுக்கு ஒன்றாக, எழுதி முடித்தவுடன் எடுங்கள்.

#14 மெரினாவெயில்

கட்டுரை வெளியிடுவது பற்றி யாரும் சொல்லவில்லை. 2016 விதியில் ஆய்வேட்டுக்கு முன் ஒரு இதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க வாசிப்பும் கட்டாயமாக இருந்தன. 2022 விதியில் அது இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்துக்கொள்ளலாம், பல வைத்திருக்கின்றன. உங்கள் பதிவு ஆண்டுக்குரிய விதிப்புத்தகத்தைப் பாருங்கள். மூத்தவர் சொன்னது அவர் பதிவான ஆண்டுக்கு மட்டும் சரியாக இருக்கலாம்.

கேர் பட்டியல் (யுஜிசி ஏற்ற இதழ்களின் பட்டியல்) 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இப்போது இதழின் தரத்தைத் துறையே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே போலி இதழ்களுக்குக் கொண்டாட்டம். தமிழில் நடப்பது இது: அச்சில் மட்டும் வரும் ஒரு பழைய இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் (இதழ்களுக்கான பன்னாட்டு அடையாள எண்) எடுத்து, யாரோ இணையதளம் தொடங்கிக் காசு வாங்குவார்கள். ஐஎஸ்எஸ்என் தளத்தில் அந்த எண்ணைத் தேடுங்கள், இலவசம். பதிவில் ‘அச்சு’ என்றிருந்து தளத்தில் ‘இணைய இதழ்’ என்றிருந்தால் நில்லுங்கள். வெளியிட்ட ஊர் மாறியிருந்தாலும் அப்படியே. 2 நாளில் ஏற்பு, தனிநபர் ஜிபே எண், ஒரே இதழில் வணிகவியல் முதல் விலங்கியல் வரை... இனி சொல்ல வேண்டியதில்லை.

#15 கோப்புஎண்

இனி நாலாவது கேள்வி, நாள் போகும் இடம்.

சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுக்கும்போது நெறியாளர் தேர்வாளர் பட்டியல் தருவார். அதிலிருந்து துணைவேந்தர் தேர்வு செய்ய வேண்டும். வெளித் தேர்வாளர் குறைந்தது இருவர், அந்தப் பல்கலைக்கழகத்தில் பணியில் இல்லாதவர்கள். முடிந்தவரை ஒருவர் வெளிநாட்டவராக இருக்கட்டும் என்கிறது விதி. தேர்வானவருக்குச் சம்மதம் கேட்டு மடல் போகும், சம்மதம் வந்தபின் ஆய்வேடு போகும், அறிக்கை வரும், பிறகு வைவா. ஆய்வேட்டைக் கொடுத்த நாளிலிருந்து எல்லாம் 6 மாதத்துக்குள் முடிய வேண்டும். காகிதத்தில் அப்படி.

நாள் போவது சம்மத மடலில். பட்டியலில் உள்ளவர் ஓய்வுபெற்று அலுவலக மின்னஞ்சல் செத்துப்போயிருக்கும். பதில் வராததை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு அனுப்ப ஒரு காலக்கெடு இருக்க வேண்டும், பிரிவு எழுத்தர் அதை நினைவில் வைக்க வேண்டும். தமிழுக்கு வெளிமாநிலத் தேர்வாளர் எண்ணிக்கையே குறைவு. டில்லி, காசி, திருவனந்தபுரம், திருப்பதி, பெங்களூரு என்று விரல்விட்டு எண்ணலாம். எல்லாத் துறைகளும் அதே ஆட்களுக்குத்தான் அனுப்புகின்றன, அவர்கள் மேசையில் ஏடு குவிந்து கிடக்கும். வெளிநாடு என்றால் யாழ்ப்பாணம், பேராதனை, மலாயா. பட்டியல் போடுமுன், பட்டியலில் உள்ளவர் இப்போது எங்கே பணியில் இருக்கிறார், அவர் துறைப் பக்கத்தில் உள்ள மின்னஞ்சல் எது என்பதை மட்டும் நீங்கள் சரிபார்த்து நெறியாளரிடம் தரலாம். அவர்களுக்கு நீங்கள் நேரே மடல் எழுதவோ பேசவோ கூடாது. அது பட்டியலையே செல்லாததாக்கும்.

ஒரு தேர்வாளர் நிராகரித்தால் மூன்றாமவருக்குப் போகும். அவரும் மறுத்தால் ஆய்வேடு நிராகரிப்பு. ‘திருத்தி அனுப்புக’ என்பது நிராகரிப்பு அல்ல. பக்கம் வாரியாக என்ன கேட்டார், எங்கே திருத்தினேன் என்று இரண்டு நெடுவரிசை அட்டவணை போட்டுக் கொடுத்தால் சீக்கிரம் நகரும்.

#16 நூலகத்துப்பூனை

வைவா முடிந்த கையோடு சோத்கங்கா. பட்டம் அறிவிக்குமுன் மென்பிரதி இன்ஃபிளிப்நெட்டுக்கு (சோத்கங்காவை நடத்தும் மையம்) போயாக வேண்டும். கோப்பை மொத்தமாகக் கொடுத்தால் திரும்பும். இயல் வாரியாகத் தனித்தனி பிடிஎஃப், வரிசை எண்ணோடு: தலைப்புப் பக்கம் 01, தொடர்ந்து முன்பக்கங்கள், பொருளடக்கம், இயல்கள். தலைப்புப் பக்கத்தையும் முடிவுரையையும் சேர்த்த கோப்புக்கு 80 என்ற எண். கடவுச்சொல் பூட்டு இருக்கக் கூடாது, ஸ்கேன் செய்த படமாக இருக்கக் கூடாது, எழுத்துரு கோப்புக்குள் பதிந்திருக்க வேண்டும். மேலே ஏட்டுச்சுவடி சொன்னதை முதலிலேயே செய்தவருக்கு இது அரை நாள் வேலை, செய்யாதவருக்கு ஒரு மாதம். வைவாவில் சொன்ன திருத்தத்தைச் சேர்த்த பிரதிதான் ஏற வேண்டும், பழையது அல்ல.

தற்காலிகச் சான்று வாங்கும்போது, 2022 யுஜிசி விதிப்படி வழங்கப்பட்டது என்ற வரி அதில் இருக்கிறதா என்று கவுன்டரிலேயே படித்துப் பாருங்கள். உதவிப் பேராசிரியர் நேர்காணலில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

#17 கொன்றைப்பூ

மிகவும் உதவியாக இருந்தது, எல்லாருக்கும் நன்றி. கோப்புஎண் ஐயா, “கடைசியில் வருகிறேன்” என்றீர்களே, 3 ஆண்டு 4 மாதம் பற்றி?

#18 கோப்புஎண்

அதற்குத்தான் வந்தேன்மா. உங்களிடம் இரண்டு கெடு இருக்கின்றன. நெட் மதிப்பெண்ணுக்கு 5 மாதம். நெறியாளருக்கு 4 மாதம், அதற்குப் பிறகு அவர் 3 ஆண்டுக் கோட்டுக்குக் கீழே போய்விடுவார். முந்துவது நெறியாளரின் கெடு. சேர்க்கை ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் பல்கலைக்கழகம் என்றால் உங்களுக்குக் கிடைக்கும் அமர்வு ஒன்றே ஒன்று. நாளைக்கே ஆராய்ச்சிப் பிரிவில் மூன்று கேளுங்கள்: 3 ஆண்டை எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள், விண்ணப்பத் தேதியா பதிவு ஆணைத் தேதியா? அடுத்த அமர்வின் கடைசி நாள் எது? நெறியாளர் பெயரில் பதிவேட்டில் இப்போது எத்தனை பேர்?

ஆணைத் தேதிதான் கணக்கு என்றால் விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். நேர்காணலுக்கும் ஆணைக்கும் நடுவில் போகும் வாரங்களும் அந்த 4 மாதத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

சேர்ந்தபின் முதல் ஆலோசனைக் குழுக் கூட்டத்திலேயே, அதே துறையில் குறைந்தது 8 ஆண்டு பணி மிச்சமுள்ள ஒருவரை இணை நெறியாளராகச் சேர்த்துவிடுங்கள். குறைந்தபட்சக் காலமே 3 ஆண்டு. தமிழில் 3 ஆண்டில் முடிப்பவர் அபூர்வம், உச்ச வரம்பு 6, பெண்களுக்கு மேலும் 2 ஆண்டுத் தளர்வு உண்டு. நெறியாளர் ஓய்வுபெறும் நாளில் நீங்கள் இயல் மூன்றில் இருப்பீர்கள். அன்றைக்கு நெறியாளர் மாற்றக் கோப்பைத் தொடங்கினால் பழையவரின் தடையின்மை, புதியவரின் சம்மதம், துறைத்தலைவர் பரிந்துரை, குழு ஒப்புதல் என்று நாலு கையெழுத்து. இணை நெறியாளர் ஏற்கெனவே பதிவில் இருந்தால் இருவரும் இடம் மாறிக்கொள்ள ஒரே கடிதம்.

பதிவேட்டில் எண்ணிக்கை 6 என்று வந்தால் மட்டும் இங்கே வந்து சொல்லுங்கள். அந்த ஆறில் வைவாவுக்குக் காத்திருப்பவர் யாராவது உண்டா என்று பார்க்கலாம்.